முதலை ஒன்று, சிரித்த முகம்

கிருபாநிதியின் ஒரு கையில் மனைவியின் கடிதம் இருந்தது. இன்னொரு கை முதலையின் முதுகில் இருந்தது. கடிதத்தை நான்காவது தடவையாகப் படித்துவிட்டு முதலையைப் பார்த்தார். முதலை சிரித்தது.

அது எப்போதும் சிரித்துக்கொண்டேதான் இருக்கும். தார்-எஸ்-சலாம் சந்தையில் அதைப் பாடம் பண்ணியவன் வாயை அப்படி இழுத்துத் தைத்திருந்தான். மூக்கிலிருந்து வால் நுனி வரை நாலரை அடி. உள்ளே மரத்தூள், கண்ணுக்குப் பச்சைக் கோலிக்குண்டு, மேலே இரண்டு பூச்சு வார்னிஷ். கடைக்காரன் அதைத் தூக்கி மடியில் வைத்து, "உங்களுக்குத்தான்" என்று சொன்னபோது கிருபாநிதிக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த ஒரு குறையைத் தவிர மனிதர் தங்கமானவர். நாற்பது வயதாகிறது. கப்பலில் எலெக்ட்ரீஷியன். எந்த மோட்டார் எங்கே சூடாகிறது என்று தொட்டுப் பார்க்காமலே சொல்லிவிடுவார். ஆனால் யார் எதைக் கேட்டாலும் 'சரி' என்பதைத் தவிர வேறு பதில் அவருக்கு வராது. அப்படித்தான் சிங்கப்பூரிலிருந்து முள்மீன் விளக்கும், கொழும்பிலிருந்து பாம்போடு சண்டை போடுகிற மாதிரி பாடம் பண்ணிய கீரியும், மாலத்தீவிலிருந்து ஆமை ஓடும் நாசரேத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஆமை ஓட்டில் இப்போது கோழி முட்டையிடுகிறது.

அப்படித்தான், ஒப்பந்தம் முடிந்த பிறகும் கேப்டன் "இன்னும் ஒரே ஒரு நடை" என்று தோளில் கை போட்டதும் சரி என்று சொல்லி வைத்தார். அதைப் பயந்து பயந்து மனைவிக்கு எழுதினார். அதற்கு வந்த பதில்தான் கையில் இருந்தது. எழுபத்தேழாம் வருஷம் தை மாதத்துத் திங்கட்கிழமை காலை, ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டை மூட்டைகளோடு கப்பல் தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் கட்டிய கையோடு ஏஜெண்டின் ஆள் கொண்டுவந்து கொடுத்தது.

"அன்புள்ள அத்தானுக்கு, ஸ்தோத்திரம். தங்கள் கடிதம் கிடைத்தது. கேப்டன் இன்னும் ஒரு நடை வரச் சொன்னதாகவும், தாங்கள் சரி என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஒன்றே ஒன்று. இந்த முறை செத்த பிராணி எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. பிள்ளை தவழ்கிறாள். தரையில் எது கிடந்தாலும் எடுத்து வாயில் வைக்கிறாள். மீறி வந்தால் அன்றைக்கே நானும் பிள்ளையும் சாத்தான்குளத்துக்கு எங்கள் அப்பா வீட்டுக்குப் போய்விடுவோம். மற்றபடி யாவரும் சுகம். தேவமணி."

அந்தச் 'சந்தோஷம்' என்ற வார்த்தையைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். தேவமணி பள்ளிக்கூட டீச்சர். பன்னிரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் எதையும் இவ்வளவு லேசாக விட்டவள் கிடையாது.

பதினோரு வருஷம் காத்துக் கிடந்து பிறந்த பிள்ளை. கிருபை என்று பெயர். பதினோரு மாதம் ஆகிறது. அப்பன் இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப்பையில் ஒரு போட்டோ இருக்கிறது. அதிலும் பிள்ளை அசைந்துவிட்டதால் ஒரு காதும் அரை மூக்கும்தான் தெளிவாகத் தெரியும். கப்பல் வியாழக்கிழமை நாலு மணிக்குப் புறப்படுகிறது. அதுவரை நாலு நாள் லீவு. அதற்குப் பிறகு இன்னும் எட்டு மாதமோ பத்து மாதமோ, கேப்டனுக்கே தெரியாது. இந்த நாலு நாளும் பிள்ளை சாத்தான்குளத்தில் இருந்தால் அவர் எங்கே போய் முட்டிக்கொள்வது?

முதலையைக் கப்பலிலேயே விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. அடுத்த துறைமுகம் ஆஸ்திரேலியா. "அங்கே ஒரு ஆட்டுத் தோலைக் கண்டால்கூட கப்பலையே திருப்பி அனுப்புவான். தூத்துக்குடியைத் தாண்டி அது என் கப்பலில் இருக்கக் கூடாது" என்று கேப்டன் சொல்லியிருந்தார். கிருபாநிதி அதற்கும் சரி என்று சொல்லியிருந்தார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போன நேரம். கிருபாநிதி முதலையைக் கடல் பக்கத்து ஓரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். "மன்னிச்சுக்க" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கையை விட்டார். அது விழும்போது பார்க்க மனம் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பாமல் பார்த்திருந்தால், மரத்தூள் மிதக்கும் என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

மனம் லேசாகிவிட்டது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுங்கக் கூடத்துக்கு நடந்தார்.

அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த ஆபீசர் சுந்தரராஜுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். மீசையும் அவரும் ஒன்றாகத்தான் உத்தியோகத்துக்குச் சேர்ந்திருப்பார்கள் போல. தலைக்கு மேல் சுவரில், 'பேச்சைக் குறை, உழைப்பைப் பெருக்கு' என்று ஒரு பலகை. அதற்குக் கீழே பியூன் சிவனாண்டி டீ கெட்டிலோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"கிருபாநிதி, சார். கப்பல் எலெக்ட்ரீஷியன்."

"ஊரு?"

"நாசரேத்து, சார்."

சுந்தரராஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. பெட்டியத் தொறங்க."

பெட்டியில் தேவமணிக்கு ஒரு நைலான் சேலை, ஒரு குடை, மாமனாருக்கு ஒரு டார்ச், மீதி இடமெல்லாம் பிள்ளைக்கு. பால் பவுடர் டின், கிலுகிலுப்பை, கண் மூடித் திறக்கிற பொம்மை. சுந்தரராஜ் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார், உள்ளே வைத்தார், மறுபடியும் வெளியே எடுத்தார். பொம்மையின் கண்ணை ஏழெட்டுத் தடவை திறந்து மூடினார். கடைசியில் ஏதோ துக்கச் செய்தி சொல்வதைப் போல, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

"அப்பம் நான் போலாமா சார்? ஒரு மணி பஸ்ஸு இருக்கு."

அப்போது சிவனாண்டி தொண்டையைச் செருமினார். "ஐயா, கப்பல்ல இருந்து வந்த லிஸ்ட்ல இவிய பேருக்கு நேரா மொதலைன்னு ஒண்ணு போட்டிருக்காவளே, பாத்தியளா?"

சுந்தரராஜ் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. "முதலை, பாடம் பண்ணினது, ஒண்ணு. ஆமா! எங்க அது?"

கிருபாநிதி பெட்டியை மூடினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். "கடல்ல விழுந்துட்டு சார்."

"விழுந்துட்டா? தானாவா?"

"இல்ல சார். நாந்தான்... விட்டேன்."

"நல்லாயிருக்கே! லிஸ்ட்ல இருக்க பொருள் கூடத்துக்கு வரலைன்னா, கள்ளத்தனமா எறக்கியாச்சுன்னுதான் அர்த்தம். முதலை கிடைக்கற வரைக்கும் நீங்க எங்கயும் போகக் கூடாது. வெளிய வாசலுக்கும் போகக் கூடாது, கப்பலுக்கும் போகக் கூடாது."

"கேப்டன் தேடுவாரே சார்?"

"அவருக்கு நான் சொல்லிக்கிடுதேன்" என்று சுந்தரராஜ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். ஒரு மணி பஸ் போனது. மூன்று மணி பஸ்ஸும் போனது. அன்றைக்குக் கிருபாநிதி கூடத்துக்குப் பின்னாலிருந்த ஓய்வறையில், ஆபீசர் வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தார். நாள் ஒன்று கழிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் முதலை கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் சரியில்லை.

அது சங்கு குளிக்கிற காலம். விடிந்ததும் வள்ளங்களில் கடலுக்குப் போன குளியாளிகள் அத்தனை பேரும் ஒன்பது மணிக்கெல்லாம் கரைக்குத் திரும்பிவிட்டார்கள். கடலில் முதலை நிற்கிறதாம். ஒன்பது அடி என்றான் ஒருவன். பன்னிரண்டு அடி என்றான் அவன் மச்சான். துறைமுகத்து வாசலுக்குச் செய்தி வந்து சேரும்போது அது இரண்டு ஆட்டை விழுங்கியிருந்தது. மீன்துறை அதிகாரி கரையில் நின்று, "எறங்குங்கப்பா, எறங்குங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். அவரும் தண்ணீரிலிருந்து தள்ளியேதான் நின்றார்.

கடைசியில் சந்தியாகு என்கிற குளியாளி பனிமய மாதாவை வேண்டிக்கொண்டு, ஒரு கயிற்றோடு வள்ளத்தில் தனியாகப் போனான். பதினொரு மணிக்கு முதலையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு சுங்கக் கூடத்துக்குள் நுழைந்தான். உடம்பெல்லாம் உப்புத் தண்ணீர், கண்ணெல்லாம் கோபம்.

"ஏலே, யாரு மொதலைலே இது?"

"என்னுதுதான்" என்று கிருபாநிதி எழுந்து நின்றார்.

வயதில் மூத்த ஆளைப் பார்த்ததும் சந்தியாகு குரலைக் கொஞ்சம் தணித்தான். "நல்லா இருக்குவே ஒம்ம வேல! மூச்சப் புடிச்சு அடியில சங்கு தேடுதேன். மேல நிமிந்து பாத்தா இது சிரிச்சுக்கிட்டு நிக்கி. சேசுவே! மூச்ச விடவா, வேண்டாமான்னே தெரியல. கடல்ல போடுத மனுசன் வயித்துல ஒரு கல்லயாவது வச்சுக் கட்டிப் போடக் கூடாதா?"

"தப்புதான் தம்பி. மன்னிச்சுக்கிடுங்க."

"ஒம்ம மொகத்தப் பாத்தாத் திட்டவும் மனசு வரல" என்று சந்தியாகு முதலையை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனான். அது சுந்தரராஜின் மைக்கூட்டைத் தட்டிவிட்டு, பலகையைப் பார்த்துச் சிரித்தது.

"அப்பம் பொருள் வந்துட்டு சார்" என்று கிருபாநிதி பெட்டியைத் தூக்கினார். "மொதலைய அரசாங்கமே எடுத்துக்கிடட்டும். பறிமுதல் பண்ணிட்டோம்னு ஒரு சீட்டு மட்டும் குடுங்க. எனக்குச் சந்தோசம்."

சுந்தரராஜ் கையை உயர்த்தினார். "அவசரப்படாதீங்க. ஒரு மனுஷன் கொண்டு வந்த பொருளக் கடல்ல போடுதான். பெறகு அரசாங்கத்தையே எடுத்துக்கோங்கான். ஏன்? வயித்துல என்ன இருக்கு?"

"மரத்தூளு சார்."

"தங்க பிஸ்கட்டும் கைக்கடியாரமும் இதவிடச் சின்ன வயித்துக்குள்ள வந்திருக்கு. சிவனாண்டி, கத்திய எடும்."

கிருபாநிதி கண்ணை மூடிக்கொண்டார். வயிறு கிழிபட்டது. ஈர மரத்தூள் மேஜையிலும் தரையிலும் சரிந்தது. உள்ளேயிருந்து ஒரு ஆப்பிரிக்கச் செய்தித்தாளும் பழைய கால்சட்டைத் துணியும் வந்தன. வேறு எதுவும் இல்லை. கிருபாநிதி கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"ஒண்ணும் இல்லேல்லா சார். நான் கெளம்பட்டுமா?"

"எப்படிக் கெளம்புவீங்க? ஒரு பயணியோட பொருள இலாகா கிழிச்சா இலாகாதான் தச்சுக் குடுக்கணும். இப்படிக் கிழிஞ்ச முதலையோட ஒங்கள அனுப்புனா நாளைக்கு எம்மேல மொட்டக் கடுதாசி போகும்."

"நான் போட மாட்டேன் சார். எனக்கு அந்த முதலையே வேண்டாம் சார்."

"வேண்டாம்னா? ஒங்க பேருல பதிஞ்ச பொருள். அது ஒங்க கையோடதான் வாசலத் தாண்டணும். அது இல்லாம நீங்களும் தாண்ட முடியாது."

"அப்பம் நீங்களே வச்சுக்கிடுங்க. என் அன்பளிப்பா இருக்கட்டும்."

"அரசாங்க ஊழியர் அன்பளிப்பு வாங்கக் கூடாது" என்று சுந்தரராஜ் கண்டிப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு, என்னவோ தப்புச் செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டார்.

தைக்கிற வேலைக்குச் செல்லத்தாய் வந்தாள். முந்திரிக்கொட்டை மூட்டை கிழிந்தால் சாக்கு ஊசியால் தைத்துக் கொடுக்கிறவள் அவள்தான். முதலையைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஈரத்தோட தச்சா ரெண்டு நாள்ல நாறிரும். ஒரு நா முச்சூடும் வெயில்ல போடணும். வெளிய வந்த தூளத் தனியாக் காய வைக்கணும்."

"ஒரு நாளா!" என்று கிருபாநிதி அலறினார்.

"மொதலைக்கு அவசரம் இல்ல அண்ணாச்சி" என்றாள் செல்லத்தாய்.

புதன்கிழமை முழுவதும் கிருபாநிதி முதலைக்குக் காவல் இருந்தார். கூடத்து முற்றத்தில் சாக்கை விரித்து, அதன் மேல் முதலை மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் மரத்தூள் காய்ந்தது. அவர் ஒரு கையால் குடையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் காக்கை விரட்டினார். இரண்டு கப்பல் தள்ளி அவருடைய கப்பலிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மூட்டை குறையும்போதும் அவருக்கு நெஞ்சில் ஒரு மூட்டை ஏறியது.

மத்தியானம் சிவனாண்டி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

கிருபாநிதி போட்டோவை எடுத்துக் காட்டினார். "எம் மவ. பதினோரு வருசம் களிச்சுப் பொறந்தவ. நாசரேத்து இங்கன இருந்து ரெண்டு மணி நேரம். மூணு நாளா இங்கன உக்காந்து மொதலையக் காய வச்சுக்கிட்டு இருக்கேன் பாத்துக்கிடுங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பல்லு மொளச்சிருக்காம். கடுதாசியிலதான் படிச்சேன்."

"மூணு" என்றார் சிவனாண்டி.

"என்னது?"

சிவனாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டார். "மூணு மணி ஆச்சேன்னு சொன்னேன். ஐயாவுக்கு டீ கொண்டு போணும்." கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

சாயங்காலம் செல்லத்தாய் தைக்க உட்கார்ந்தாள். மரத்தூளில் பாதி காற்றோடு போயிருந்தது. இருந்ததை உள்ளே தள்ளிப் பார்த்தாள். முதலை பட்டினி கிடந்தது போல ஒட்டிக் கிடந்தது. அவளுக்கே பாவமாகிவிட்டது. "வயிறு ஒட்டுன மொதலையோடயா பிள்ள மொகத்தப் பாக்கப் போவிய?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய், மூட்டை அடுக்குகிற கொட்டகையில் கூட்டி வைத்திருந்த குப்பையிலிருந்து இரண்டு முறம் அள்ளிக்கொண்டு வந்து நிரப்பினாள். நல்ல தையல்காரி. வயிறு முன்பைவிட எடுப்பாக வந்தது. வாய் மட்டும் கொஞ்சம் கோணி, சிரிப்பு ஒரு பக்கமாக ஏறிக்கொண்டது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சுந்தரராஜ் பாஸ் எழுதிக் கொடுத்தார். 'முதலை ஒன்று. செத்தது. தைத்தது. சிரித்த முகம்.' எழுதும்போது அவருடைய பேனா ரொம்ப மெதுவாக நகர்ந்தது. இடையிடையே ஜன்னல் வழியாகக் கப்பலை எட்டி எட்டிப் பார்த்தார்.

கிருபாநிதி மனதுக்குள் கணக்குப் போட்டார். பத்தரை பஸ்ஸைப் பிடித்தால் பன்னிரண்டரைக்கு நாசரேத்து. முதலையை வாசலுக்கு வெளியே ஏதாவது டீக்கடையில் விட்டுவிடலாம். அரை மணி நேரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கலாம். ஒரு மணி பஸ் ஏறினால் மூன்று மணிக்குக் கப்பல். அரை மணி நேரம்தான். அதுவாவது கிடைக்கிறதே என்று நினைத்தபோது அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பெட்டியை ஒரு கையிலும் முதலையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

காவலாளி பாஸை வாசித்தான். முதலையைத் தூக்கிப் பார்த்தான். காதோடு வைத்துக் குலுக்கினான்.

"குலுங்குதே" என்றான்.

"மரத்தூளு தம்பி."

"மரத்தூளு கடகடன்னு குலுங்குமா? ஐயாட்டக் காட்டிட்டு வாரும்."

"பஸ்ஸு போயிரும் தம்பி, எம் பிள்ளை..."

"ஐயாட்டக் காட்டிட்டு வாரும்."

திரும்பி வந்த கிருபாநிதியைக் கண்டதும், ஜன்னலோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற சுந்தரராஜின் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க, வாங்க! என்ன ஆச்சு?" என்று வாசல் வரை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

வயிறு மறுபடியும் கிழிபட்டது. மரத்தூளோடு, கொட்டகைக் குப்பையோடு, முந்திரிக்கொட்டைகள் மேஜையெல்லாம் உருண்டன. செல்லத்தாய் அள்ளிய முறத்தில் மூட்டையிலிருந்து சிதறிய கொட்டையும் சேர்ந்து வந்திருந்தது.

"அண்ணாச்சி, இப்பந்தான் இது உண்மையிலேயே கேஸு" என்றார் சுந்தரராஜ். "இது யாரோ ஒரு கம்பெனி லைசென்ஸ் எடுத்து எறக்குமதி பண்ணுன சரக்கு. முதலை வயித்துல வெளிய போகப் பாத்திருக்கு. வாக்குமூலம் எழுதணும். மூணு காப்பி. சிவனாண்டி, கார்பன் பேப்பர்!"

செல்லத்தாயைக் கூப்பிட்டார்கள். "நாந்தான் போட்டேன். அதுக்கென்ன இப்பம்?" என்று அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அதை எழுதினார்கள். காவலாளியைக் கூப்பிட்டார்கள். அவன் குலுக்கிய விதத்தை எழுதினார்கள். சுந்தரராஜின் கையெழுத்து மணிமணியாக இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி வைத்து, வைத்த புள்ளியை ஊதிக் காயவைத்து, அடுத்த எழுத்துக்குப் போனார். பன்னிரண்டு அடித்தது. இரண்டு அடித்தது. மூன்றரைக்குக் கப்பல் முதல் சங்கு ஊதியது.

"சார், எங் கப்பலு" என்று கிருபாநிதி எழுந்தார்.

"இன்னும் ஒரு பக்கந்தான் அண்ணாச்சி. உக்காருங்க."

கிருபாநிதி பழக்க தோஷத்தில், "சரி சார்" என்று உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு இரண்டாவது சங்கு ஊதியது. ஜன்னலுக்கு வெளியே புகைபோக்கி மெல்ல நகர ஆரம்பித்தது. சுந்தரராஜ் கடைசிப் பக்கத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"இங்கன ஒரு கையெழுத்துப் போடுதியளா?"

கிருபாநிதி பேனாவைப் பார்த்தார். முதலையைப் பார்த்தார். நாலு நாள் முழுசாகப் போய்விட்டது. கப்பலும் போகிறது. உள்ளுக்குள் எங்கோ நாற்பது வருஷமாக அடைத்துக் கிடந்த ஒன்று பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது.

"மாட்டேன்!" என்று கத்தினார். மேஜையில் மிச்சமிருந்த முந்திரிக்கொட்டைகள் அதிர்ந்தன. "போட மாட்டேன்! எனக்குக் கப்பலும் வேண்டாம், மொதலையும் வேண்டாம், ஒங்க கையெழுத்தும் வேண்டாம். எம் பிள்ள மொகத்த நான் பாக்கணும். என்ன செயில்ல போட்டாலும் பாத்துட்டுத்தான் வருவேன்!"

செல்லத்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சுந்தரராஜ் எழுந்து ஜன்னலுக்குப் போய், கப்பல் அலைதடுப்புச் சுவரைத் தாண்டும் வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து மூன்று காப்பியையும் ஒன்றாகச் சேர்த்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"கேஸு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

கிருபாநிதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது. கூடத்துப் படியில் வந்து உட்கார்ந்தார். தூரத்தில் கப்பல் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்திருந்தது. கப்பலைத் தவறவிட்டவன் என்று பெயர் எழுதிவிட்டால் இனி எந்தக் கப்பலில் ஏற்றுவார்கள்? வேலையும் இல்லாமல் எந்த முகத்தோடு தேவமணி முன்னால் போய் நிற்பது? அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

சிவனாண்டி அவருடைய தகரப் பெட்டியையும், கிழிந்த முதலையையும் கொண்டுவந்து படியில் வைத்தார். பையிலிருந்து ஒரு சிறிய புத்தகத்தை எடுத்து நீட்டினார். கிருபாநிதி ஏறி இறங்கிய கப்பலையெல்லாம் பதிகிற சி.டி.சி. புத்தகம். கப்பல்காரனுக்குச் சோறு போடுகிற புத்தகம் அதுதான். அது கேப்டனிடம் அல்லவா இருக்க வேண்டும்?

அவசரமாகப் பிரித்தார். கடைசிப் பக்கத்தில் கேப்டன் கைப்பட எழுதியிருந்தார். 'ஒப்பந்தம் முடிந்து இறங்கினார். வேலை மிக நன்று. நடத்தை மிக நன்று.' கீழே கையெழுத்து, முத்திரை, தேதி. தேதியைப் பார்த்ததும் கிருபாநிதி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"சிவனாண்டி, இது திங்கக்கெழமத் தேதில்லா போட்டிருக்கு! அன்னைக்கே என்ன எறக்கி விட்டாச்சுன்னா, இந்த நாலு நாளு என்னத்துக்கு என்ன இங்கன பிடிச்சு வச்சிய?"

சிவனாண்டி முதலையின் கோணல் வாயைக் கையால் ஒருமுறை நிமிர்த்திவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கே ஐயா கப்பலுக்குப் போயி கேப்டன்ட்ட எழுதி வாங்கிட்டாவ. எங்க ஐயாவுக்கு அஞ்சாங்கிளாசு டீச்சர் ஒங்க வீட்டம்மாதான் அண்ணாச்சி, 'அவிய யாரு கூப்பிட்டாலும் சரின்னு போயிருவாவ, அதனால கப்பல் கண்ணுக்கு மறையுத வரைக்கும் என்னத்தையாவது சொல்லிப் பிடிச்சு வைடே சுந்தரராசு'ன்னு சொல்லிட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு நாலு நாளா ஐயா வீட்லதான் வந்து உக்காந்திருக்காவ!"